ஏலத்தன்று மட்டும் ஹேங் ஆகும் மெயில்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் ஒரு விதி உண்டு: நாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருக்கும் கோளாறு பின்வாசல் வழியாகப் போய்விடும். இதைப் படிக்கும் உங்களில் சிலர் என் தொழிலில் இருப்பீர்கள். மற்றவர்கள், "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பிடித்து உட்கார வைக்கப்பட்டவர்களாக இருப்பீர்கள். இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களுக்குத் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் உண்டு, அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது போடி பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டரில். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அம்மா தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவள். சென்டர் ஓனர் குமரேசன் அண்ணன் என்னை டிரெயினியாகச் சேர்த்திருந்தார். நான் நிரந்தரமாவது ஊரின் பெரிய ஏலக்காய்க் கடை ஒன்றின் மெயில் கோளாறில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடை எங்கள் கையை விட்டுப் போனால் நானும் அதோடு போகலாம் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். சும்மாவே பயப்படுகிற ஒருத்திக்கு இதைவிட நல்ல வரவேற்பு எங்கே கிடைக்கும்?

செத்துப்போகும் பச்சை

ஏலக்காய்க் கடையில் மெயில் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலத்தன்று காலையில் சாம்பிள் காய் கடைக்கு வரும். கடை மொதலாளி ஏல சென்டரில் போய் உட்கார்ந்துகொள்வார். கடையில் கணக்கு பார்க்கும் தவமணி அண்ணன் சாம்பிளைக் கறுப்புத் துணியில் பரப்பி, செல்போனில் படம் எடுத்து, தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, வடக்கே இருக்கும் ஒரு வியாபாரிக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். வியாபாரி படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் 'எடு' என்றால் மொதலாளி அந்த லாட்டை, அதாவது அந்தக் காய் மூட்டைகளை, ஏலத்தில் எடுப்பார். படம் போகவில்லை என்றால் லாட்டு அடுத்தவர் கைக்குப் போகும், மொதலாளி வெறுங்கையோடு கடைக்கு வருவார். அதன்பிறகு கடைக்குள் கேட்கும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

படத்தைச் சேர்ப்பதற்காக அட்டாச் பட்டனை அழுத்தியதும் மெயில் ஹேங் ஆகிறது என்பதுதான் புகார். திரை வெளுத்துவிடும். நடுவில் சின்ன வட்டம் ஒன்று செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். "வாட்ஸப்பில் அனுப்பலாமே சார்" என்று முதல் நாள் நேராக மொதலாளியிடமே கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தவமணி அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "வாட்ஸப்புல போனா காயோட பச்சை செத்துப்போகும்னு இந்தப் புள்ளைக்குச் சொல்லுப்பா. பச்சையப் பாத்துத்தான் வெலையே. வந்தது ஏலக்காயா சுக்கான்னே தெரியாம அவன் என்னத்த வெல சொல்லுவான்?"

நான் போனால் ஓடும்

அந்தக் கடையிலிருந்து போன் வந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். உள்ளே போய் அட்டாச் பட்டனை அழுத்துவேன். படம் தேர்ந்தெடுக்கும் ஜன்னல் திரையில் ஜம்மென்று திறக்கும். ஒரு படம் சேர்ப்பேன், போகும். பத்துப் படம் சேர்ப்பேன், போகும். வேண்டுமென்றே பெரிய வீடியோவைச் சேர்ப்பேன். அதுவும் முனகிக்கொண்டே போகும். "என்ன கோளாறு?" என்று கேட்பார்கள். கோளாறு இல்லை என்று சொன்னால், அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஆகிவிடும். இருக்கிறது என்று சொன்னால், எங்கே என்று கேட்பார்கள்.

இப்படிப் பல தடவை நடந்த பிறகு தவமணி அண்ணனுக்கு என்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. பல் டாக்டர் வாசலில் பல்வலி நிற்பதுபோல என்னைக் கண்டால் மெயில் பயப்படுகிறது என்று நம்பத் தொடங்கினார். ஒருநாள் நான் கிளம்பும்போது மிகவும் பொறுப்பாகச் சொன்னார்: "தாயி, பேசாம உன் போட்டோ ஒண்ணு கொடுத்துட்டுப் போ. கம்ப்யூட்டர் மேல மாட்டி வச்சிர்றேன். மாலையெல்லாம் போட மாட்டேன், பயப்படாத."

மதுரைக்காரர் கண்டுபிடித்த வைரஸ்

என்னால் ஆகாது என்று முடிவு செய்து குமரேசன் அண்ணன் மதுரையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சக்கரம் வைத்த பெட்டி. அவருக்கு இளநீர் வந்தது. எனக்கு அந்தக் கடையில் தண்ணீர்கூடக் கேட்டால்தான் கிடைக்கும். அவர் வந்த நேரத்திலும் மெயில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவர் என்னைப் போல விழிக்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு "வைரஸ்" என்றார். எந்த வைரஸ், எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ ஒன்றைப் போட்டார், திரையில் பச்சைக் கோடு ஒன்று நகர்ந்தது, எல்லாரும் அதைக் கோபுர தரிசனம் போலப் பார்த்தார்கள்.

அடுத்த ஏலத்தன்று மெயில் மறுபடி ஹேங் ஆனது. திட்டு வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். "அவர் வந்தும் சரியாகலையே சார்" என்று மெதுவாகச் சொன்னேன். மொதலாளி கோபப்படவே இல்லை. பெரிய மனதோடு சொன்னார்: "அவரு சோலிய அவரு சுத்தமா முடிச்சிட்டாரு. இது புது வைரஸு."

மலை ஏறிய வைத்தியம்

படங்களின் கனத்தைக் குறைத்துப் பார்த்தேன். மெயில் புரோகிராமை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. அதே மெயில் கணக்கை மலைமேல் மொதலாளியின் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரிலும் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டு இடத்தில் ஒரே கணக்கு என்பதால் முட்டிக்கொள்கிறதோ? அம்மா போகும் ஜீப்பு அந்த வழியாகத்தான் போகும் என்பதால் அதிலேயே ஏறிக்கொண்டேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டிகளுக்கு நடுவில் நசுங்கினேன். "இவ எதுக்கு வர்றா?" என்று கேட்ட பெண்களிடம், "லெட்டரோட போட்டோ ஒட்ட மாட்டேங்குதாம்" என்று அம்மா விளக்கம் சொன்னாள். பின்சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள், "அதுக்கு மலை ஏறணுமா ஆத்தா? கீழயே கடையில பசை விப்பாங்களே!" கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை ஜீப்பு சிரித்துக்கொண்டே வந்தது.

ஸ்டோர் முழுக்க ஏலக்காய் வாசனை, ஒரு மூலையில் தூசி படிந்த கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்கிறவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் மலையாளி, ரைட்டர் தோமாச்சன்; எனக்குப் பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்து உட்கார வைத்தார். அந்தக் கம்ப்யூட்டரில் மெயில் கடைசியாக எப்போது திறந்தது என்று அவருக்கே நினைவில்லை. நெட்டு வரும் நேரத்தில் கரண்டு இருக்காதாம், கரண்டு இருக்கும் நேரத்தில் நெட்டு வராதாம். "இங்கே ஹேங் ஆகுதா சேட்டா?" என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்: "ஹேங் ஆகணும்னா அது முதல்ல ஓடணும் அல்லே மோளே?"

எப்போது போன் போடுவது

மலையிலிருந்து இறங்கியதும் குமரேசன் அண்ணன் கூப்பிட்டார். அடுத்த ஏலத்தோடு கோளாறு தீரவில்லை என்றால் கடைக்காரர் வேறு சென்டர் பார்த்துக்கொள்வாராம், நான் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமாம். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு முன் ஒரு கேள்வியும் வந்தது. படம் அனுப்புவது காலையில். ஆனால் எனக்குப் போன் வருவது எப்போதும் மத்தியானத்துக்கு மேல். நான் போகும்போது எப்போதும் மொதலாளி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

தவமணி அண்ணனிடம் போய்க் கேட்டேன். "காலையில ஹேங் ஆன உடனே எனக்குப் போன் போட்டா என்னண்ணே?" அவர் அதிர்ந்துபோனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ தகாத விஷயம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்: "மொதலாளி சொல்லாம நான் எப்படித் தாயி வெளியாளக் கூப்புட? கடையில தீப்பிடிச்சாலும் அவரு வந்து சொன்னாத்தான் தண்ணி ஊத்துவோம். இங்க ஒரு ஒழுங்கு இருக்குல்ல?"

கூப்பிடாமல் போன நாள்

அதனால் அந்த ஏலத்தன்று யாரும் கூப்பிடாமலேயே காலையில் போய் நின்றேன். மொதலாளி கிளம்பும் காட்சியை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். தன் கண்ணாடி அறையில் சாமி படத்துக்கு முன் கும்பிட்டார். பிறகு அறையின் மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே அணைத்தார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவர் ஏலத்தில் இருக்கும்போது அந்த அறையில் விளக்கு எரியக்கூடாதாம், அந்த நாற்காலியில் யார் நிழலும் விழக்கூடாதாம். விழுந்தால் காய் கைமாறிப் போகுமாம். தவமணி அண்ணன் இதைச் சொல்லிக்கொண்டே படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அட்டாச் பட்டனை அழுத்தினார். திரை வெளுத்தது. வட்டம் சுற்றத் தொடங்கியது.

எத்தனை மாதமாக நான் காத்திருந்த காட்சி! "அண்ணே, ஹேங் ஆயிருச்சு!" என்று கைதட்டிக் குதித்துவிட்டேன். இதைப் படிக்கும் தொழில்காரர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். தவமணி அண்ணனுக்குப் புரியவில்லை. ஏல சென்டரிலிருந்து மொதலாளி போனுக்கு மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் போனின் வாயைப் பொத்திக்கொண்டு தவமணி அண்ணன் என்னிடம் சீறினார்: "எழவு வீட்டுல வந்து கொலவை போடுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளப் புள்ளையா?"

தானாகத் திறந்த ஜன்னல்

அன்றைக்கும் படம் போகவில்லை. நான் எதையெல்லாமோ தட்டிப் பார்த்தேன். மொதலாளி வெறுங்கையோடு வந்தார். என்னைப் பார்த்தார். அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, அவர் மேசையில் இருந்த கம்ப்யூட்டர் கண் விழித்தது. கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமலேயே, தவமணி அண்ணன் திரையில் அட்டாச் ஜன்னல் திறந்துகொண்டது. அதில் தெரிந்தது மொதலாளியின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபோல்டர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கம்ப்யூட்டரும் வயரால் இணைந்தவை; தவமணி அண்ணன் சாயங்காலம் பில்லெல்லாம் மெயிலில் அனுப்புவது அந்த ஃபோல்டரிலிருந்துதான். அடுத்த நாள் காலையில் அட்டாச் பட்டனை அழுத்தியதும் புரோகிராம் கடைசியாக எடுத்த இடத்துக்கே முதலில் போய்க் கதவைத் தட்டுகிறது. அங்கே கம்ப்யூட்டரே அணைந்து கிடக்கிறது. திறக்கும்வரை அது வாசலிலேயே நிற்கிறது. சரிபார்க்க வேண்டும் என்பதற்காக, "சார், ஒரு நிமிஷம் அந்த மெயின் சுவிட்சை அணைக்கலாமா?" என்று கேட்டேன். வெறுங்கையோடு வந்த நாளில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. "வெளக்கு போட்டாச்சு. இனி சாயங்காலம்தான் அணையும்" என்றார். மொதலாளியின் கம்ப்யூட்டரிலிருந்து கதவுக்கு வெளியே வரும் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். ஹேங். செருகினேன், திறந்தது. பிடுங்கினேன், ஹேங். செருகினேன், திறந்தது. தவமணி அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்: "அப்படின்னா இவ்வளவு நாளும் அந்த மெயிலும் என்னைய மாதிரியே மொதலாளி வரட்டும்னு நின்னுக்கிட்டிருந்துச்சா?"

யார் சொல்வது

கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று. அதை மொதலாளியிடம் சொல்ல வேண்டும். காய் கைமாறக் கூடாது என்று அவர் அணைக்கிற சுவிட்சுதான் காயைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறது! வாசலுக்குப் போய்க் குமரேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் பதறிவிட்டார். "அவரு அப்பா காலத்துப் பழக்கம் அது. அதுல கை வச்சா கடையே போயிரும். வைரஸுன்னு சொல்லு, சுத்தம் பண்ணிட்டேன்னு சொல்லு, வெரசா கெளம்பி வா" என்றார். வைரஸ் இல்லையே என்றேன். "மதுரைக்காரருக்கு மட்டும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஆனாலும் என் வாயில் வைரஸ் என்று வரவில்லை. இது வீரம் இல்லை. பொய் சொல்லிவிட்டு, அடுத்த ஏலம்வரை அதை நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடக்க என்னால் முடியாது. உள்ளே போய் நின்றேன். "சார், நீங்க போகும்போது சுவிட்சை அணைக்கிறதாலதான் மெயில் ஹேங் ஆகுது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஃபோல்டரைத் தவமணி அண்ணன் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டால் அவர் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். மொதலாளி சாமி படத்தைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்: "எங்கப்பா காலத்துல இருந்து இந்த சுவிட்ச அணைச்சிட்டுத்தான் போறோம். அப்பல்லாம் மெயிலு ஹேங் ஆச்சா?"

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

மெயில் என்ற ஒன்றே அப்போது இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் வேலை வேண்டும். "மாத்திட்டுப் போறேன் சார்" என்று மட்டும் சொல்லி, ஃபோல்டரை மாற்றி வைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. பிறகு சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டினேன். அதில் அவர் கையெழுத்து போட்டால்தான் என் வேலைக்குக் கணக்கு. 'காரணம்' என்ற இடம் காலியாக இருந்தது. "வைரஸுன்னு எழுதிக் கொண்டா, போடுறேன்" என்றார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து தவமணி அண்ணன், எழுதித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

கடைசியில் எழுதினேன்: 'காலை வேளையில் ஒரு கம்ப்யூட்டருக்கு மின்சாரம் இல்லாதது.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. யார் நிறுத்தியது என்று அந்தப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை. மொதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. பெரிதாகக் கையெழுத்து போட்டார். "அதானே பாத்தேன்! எல்லாம் இந்தக் கரண்டு பண்ற வேலை. இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன தாயி?"

வீட்டில் கிடைத்த பாராட்டு

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். மதுரை நிபுணருக்கே தெரியாததை நான் கண்டுபிடித்தேன் என்பதை இரண்டு தடவை சொன்னேன். அவள் ஏலக்காய்க் கறை படிந்த விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்: "போட்டா எரியும், அணைச்சா எரியாது. இதச் சொல்லிக் கொடுக்கவா ஆத்தா அத்தன வருசம் காலேசுல வச்சிருந்தாங்க?"

அடுத்த ஏலம்

அடுத்த ஏலத்தன்று மொதலாளி வழக்கம்போலக் கும்பிட்டு, அணைத்து, பூட்டி, சாவியைச் செருகிக்கொண்டு போனார். தவமணி அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும் நான் எதிரே இருந்த டீக்கடையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டாச் ஜன்னல் திறந்தது, படம் போனது, வடக்கேயிருந்து 'எடு' என்று போன் வந்ததாம். மொதலாளி லாட்டோடு திரும்பி வந்து, சுவிட்சை அணைத்துவிட்டுப் போனதால்தான் காய் கைக்கு வந்தது என்று கடையில் எல்லாருக்கும் சொன்னாராம்.

சாயங்காலம் குமரேசன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கடைக்காரர் பராமரிப்பை எங்களிடமே தொடரச் சொல்லிவிட்டாராம். வைரஸை விரட்டிய மதுரைக்காரரையும் நலம் விசாரித்தாராம். என்னைப் பற்றி எதுவும் சொன்னாரா என்று கேட்டேன். வாய் கொஞ்சம் அதிகம் என்றாராம். குமரேசன் அண்ணன் என் ரிப்போர்ட்டை மடித்து மேசைக்குள் வைத்தார்: "திங்கக்கெழமையில இருந்து நீ டிரெயினி இல்ல. ஆனா ஒண்ணு, இனிமே உண்மையச் சொல்லப் போறதா இருந்தா மொதல்ல எனக்கு ஒரு போன் போட்டு, நான் சரின்னு சொல்ற வரைக்கும் பொறு."

அந்தக் கடையில் எல்லாரும் செய்ததைத்தான் அந்த மெயிலும் செய்தது, மொதலாளி வந்து கதவைத் திறக்கும்வரை அசையாமல் நின்றது. அதைப் போய்க் கோளாறு என்று சொன்னவள் நான் ஒருத்திதான்.